ஓரக்கோடு

நடுவர் என்று பெயர்.
நிற்பதோ ஓரத்தில்,
வெள்ளைக் கோட்டுக்கு ஒரு சாண் வெளியே,
பயிற்சியாளரின் மூச்சு பிடரியில் படும் தூரத்தில்.
ஓரத்தில் நின்றபடி
ஓரம் சொல்லாமல் இருப்பதுதான் வேலை.
வெள்ளிக்கிழமை ஒன்றுக்கு எண்பத்தைந்து டாலர்,
பெட்ரோல் காசு தனி.

நெப்ராஸ்காவில் அக்டோபர்.
சோள அறுவடைத் தூசி விளக்குக் கம்பங்களைச் சுற்றித் தொங்க
இரண்டு சிற்றூர்கள் தங்கள் பிள்ளைகளுக்குத்
தலைக்கவசம் மாட்டி அனுப்பியிருந்தன.
என் விரலில் ரப்பர் வளையம்:
முதல் முயற்சிக்கு ஆள்காட்டி, இரண்டாவதுக்கு நடுவிரல்.
நான்குவரை எண்ணத் தெரியாதவனில்லை.
கூச்சலில் தெரியாமல் போகும்,
அதற்காக.

இரண்டாவது கால்பகுதி. மூன்றாவது முயற்சி. தேவை இரண்டு கெஜம்.
பந்து ஒருவன் வயிற்றில் செருகப்பட்ட மாதிரி இருந்தது.
அவன்மேல் ஆறு பேர் விழுந்தார்கள்.
குவியல், முழங்கால்கள், புல்.
ஊதினேன்.

குவியலில் பந்து இல்லை.
ஹவேல்கா வீட்டுப் பையன், இருபத்திரண்டாம் எண்,
அதைத் தொடையோடு ஒட்டி மறைத்து
மறுபக்கம் ஓடிக்கொண்டிருந்தான்.
விசில் அவன் காதில் விழவில்லை.
ஐம்பது கெஜம், துரத்த ஆளில்லை.
கடைசிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தூக்கிக் காட்டித்
திரும்பியபோதுதான்
மைதானமே நின்றுகொண்டிருப்பதைப் பார்த்தான்.

"யார் ஊதியது?" என்றார் ஆர்லோ க்ராட்ஸ்,
வெள்ளைத் தொப்பிக்காரர், எங்கள் தலைவர்.
நாங்கள் ஐந்து பேர்.
மற்றவர்கள் என்னைக் காட்டிக்கொடுக்காமலிருக்கத்
தரையைப் பார்த்தார்கள்.
கை தூக்கினேன்.

ஊதிய கணத்தில் பந்து செத்துவிடும், விதி அப்படி.
பயிற்சியாளர் திட்டவில்லை.
சூரியகாந்தி விதைத் தோலை
என் காலணிக்குப் பக்கத்தில் துப்பினார்.
திட்டுவதற்கு நானூறு பேர் இருந்தார்கள்.

அன்றிலிருந்து விசிலை வாயில் கவ்வுவதில்லை,
விரலில் மாட்டிக்கொள்கிறேன்.
கைக்கு எட்டியது வாய்க்கு எட்டுவதற்குள்
பந்து எங்கே என்று பார்த்துவிடலாம்.
ஊரெல்லாம் எட்டவில்லையே என்று அழும் அந்த முழத்தூரம்தான்
எனக்குப் பிழைப்பு.

இதுவரை யாரிடமும் சிரித்தபடி சொல்வேன்.
மீதியைச் சொன்னதில்லை.

நான்காவது கால்பகுதி. எதிரணி மெல்ல முன்னேறியது.
எழுபத்துநான்காம் எண், பருத்த பையன்,
அவன் கை மாற்றான் சட்டையில் பட்டது.
பட்டு விலகியது, அவ்வளவுதான்.
அதைப்போல முப்பதை அன்றிரவு பார்த்தும் விட்டிருந்தேன்.
மஞ்சள் கொடி
தானாக இடுப்பிலிருந்து பறந்தது என்று சொல்ல ஆசை.
பத்து கெஜம் பின்னுக்கு.
என் முதுகுக்குப் பின்னாலிருந்த கூட்டம்
முதன்முறையாகக் கைதட்டியது.
ஹவேல்காவிடம் பட்ட கடனை
இன்னொருவன் பையிலிருந்து எடுத்து அடைத்தேன்.

திரும்பும் வண்டியில்
பெட்ரோல் பங்கு ஹாட்டாக்கிலிருந்து கடுகு ஒழுக
ரோண்டா பீல்கே சொன்னாள்:
"விசில் எல்லாருக்கும் நடப்பதுதான்.
ஆனால் அந்த ஹோல்டிங், நல்ல பார்வை உனக்கு."
நன்றி என்றேன்.

கண்ணால் கண்டதும் பொய்,
தீர விசாரிப்பதே மெய் என்பார்கள்.
ஞாயிற்றுக்கிழமை சமையலறை மேசையில்
ஆறு விநாடியைப் பதினேழு முறை ஓட்டி விசாரித்தேன்.
கண் பொய் சொல்லவில்லை.
பட்டதையும் பார்த்திருக்கிறது, விலகியதையும் பார்த்திருக்கிறது.

முதல் தவறு இரண்டு ஊருக்கும் தெரியும்.
விசிலை விரலுக்கு மாற்றிவிட்டேன்.
கொடியை எங்கே மாற்றி வைப்பது?

ஆட்டக்காரர் பட்டியலில் தேடினேன்:
எமெட் வோஸ், பத்தாம் வகுப்பு.
கொடி விழுந்ததும் அவன் வாதாடவில்லை.
படத்தில் தெளிவாகத் தெரிகிறது,
தன் உள்ளங்கை இரண்டையும் திருப்பிப் பார்க்கிறான்,
அவை என்ன செய்தன என்று.
பிறகு என்னைப் பார்த்து வாயசைக்கிறான்.
படத்தில் ஒலியில்லை.
எனக்குக் கேட்டிருந்தது:
"சாரி, சார்."